திறமூலமா, விலைக்கு வாங்கும் மென்பொருளா: பதிப்பகம் நடத்தும் நண்பருக்கு ஒரு நீண்ட பதில்

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். சிறு பதிப்பகம் நடத்துகிறீர்கள். பக்க வடிவமைப்புக்கான பழைய பேஜ்மேக்கர் மென்பொருளின் கோப்புகள் முதல் போன மாதம் அடோபியின் இன்டிசைனில் முடித்த கோப்புகள் வரை முந்நூறு புத்தகங்களுக்கு மேல் கணினியில் கிடக்கின்றன. மாதச் சந்தா கட்டிக் கட்டி அலுத்துவிட்டது. திறமூலத்துக்கு, அதாவது நிரலாளர் எழுதிய மூலநிரலை யாரும் பார்த்து, மாற்றி, பகிர விடும் மென்பொருளுக்கு, மாறலாமா என்று பார்த்தால், "யாரோ சும்மா எழுதிப் போடுவது, பத்து வருஷம் கழித்து இருக்குமா சார்?" என்று உங்கள் லே-அவுட் ஆர்ட்டிஸ்ட் கேட்கிறார். இருபது வருஷக் கணக்கில் எது நிலைக்கும்?

இரண்டு பக்கமும் செத்துப்போன மென்பொருள்கள் ஏராளம். இரண்டு பக்கமும் நாற்பது வருஷத்தை நெருங்கியவையும் உண்டு. நான் பார்க்கிற வேறுபாடு வாரிசுரிமையில் இருக்கிறது. மூடிய மென்பொருளின் சொந்தக்காரர் கடையைச் சாத்திவிட்டால், அதை எடுத்து நடத்த வேறு எவருக்கும் உரிமை கிடையாது. திறமூலத்தில் அந்த உரிமையை உரிமத்திலேயே எல்லாருக்கும் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். எடுத்து நடத்த ஆள் வருவாரா என்பதுதான் அங்கே சந்தேகம்.

பேஜ்மேக்கரிலிருந்து தொடங்கலாம். உங்களுக்கும் எனக்கும் பல வருஷம் சோறு போட்டது அது. 1985இல் ஆல்டஸ் என்ற நிறுவனம் கொண்டுவந்தது. 1994இல் ஆல்டஸை அடோபி வாங்கியது. 1999இல் அடோபி தன் சொந்தப் பிள்ளையாக இன்டிசைனை இறக்கியபோதே வளர்ப்புப் பிள்ளையின் கதி என்ன என்று தெரிந்துவிட்டது. 2001இல் வந்த 7ஆம் பதிப்புதான் கடைசி. 2004இல் இனி மேம்பாடு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். தமிழ்நாட்டு அச்சகங்கள் அதற்கு அப்புறமும் வருஷக்கணக்கில் அதிலேயே ஓட்டின. காரணம் பழக்கம் மட்டுமில்லை. உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் பொதுவான எண் கொடுக்கும் யூனிகோடு என்ற தரம் பேஜ்மேக்கருக்குத் தெரியாது. பாமினி, வானவில், ஸ்ரீலிபி என்று நாம் வைத்திருந்த எழுத்துருக்களுக்கும் யூனிகோடு தெரியாது. இரண்டும் ஒன்றுக்கொன்று பொருத்தமாக அமைந்துவிட்டன.

பழைய பேஜ்மேக்கர் கோப்பை 2012இல் வந்த இன்டிசைன் சி.எஸ்.6 வரை திறக்க முடிந்தது. 2013இல் அடோபி முழுக்கச் சந்தா முறைக்குப் போனது. அதற்குப் பிறகு வந்த இன்டிசைன்கள் பேஜ்மேக்கர் கோப்பைத் திறப்பதில்லை. அதாவது, மாதம் தவறாமல் பணம் கட்டுகிற உங்களால் உங்கள் சொந்தப் புத்தகத்தைத் திறக்க முடியாது. இதில் சதி ஒன்றும் இல்லை. உலகக் கணக்கில் பேஜ்மேக்கர் கோப்பு வைத்திருப்பவர்கள் சில்லறை. அவர்களுக்காக ஒரு பொறியாளரை வைத்திருப்பது கட்டுப்படியாகாது, அவ்வளவுதான். ஆனால் அந்தச் சில்லறைக்காரர்கள் ஒன்றுகூடி, "எங்களுக்குக் கொடுங்கள், நாங்களே ஒரு ஆளை வைத்துப் பார்த்துக்கொள்கிறோம்" என்று சொல்ல வழியில்லை. மேக்ரோமீடியாவின் ஃப்ரீஹேண்ட் என்ற வரைகலை மென்பொருளுக்கு நடந்ததும் இதுதான். 2005இல் மேக்ரோமீடியாவை அடோபி வாங்கியது, 2007இல் ஃப்ரீஹேண்டை நிறுத்தியது. அதைப் பயன்படுத்தியவர்கள் சங்கம் சேர்ந்து 2011இல் அமெரிக்க நீதிமன்றம் வரை போனார்கள். வழக்கு சமரசத்தில் முடிந்தது, ஃப்ரீஹேண்ட் திரும்பி வரவில்லை.

நம் ஊரில் இது இன்னும் சின்ன அளவில், இன்னும் மோசமாக நடந்தது. நான் வேலை பார்த்த ஒரு அச்சகத்தில் எழுத்துருத் தொகுப்பு ஒன்றை விலை கொடுத்து வாங்கியிருந்தோம். பேர் வேண்டாம். பிரிண்டர் செருகும் பாரலல் போர்ட்டில் டாங்கிள் என்ற சின்னப் பூட்டுக் கருவியைச் செருகினால்தான் அது வேலை செய்யும். சில வருஷத்தில் வந்த புதுக் கணினிகளில் அந்தத் துளையே இல்லை. விற்றவர்களுக்கு போன் போட்டால் எண் உபயோகத்தில் இல்லை என்றது. கடைசியில் அந்த டாங்கிளுக்காகவே ஒரு பழைய கணினியை மூலையில் போட்டு, மேலே துணி போர்த்தி, யாரும் தொடக்கூடாது என்று வைத்திருந்தோம். ஆயுதபூஜைக்கு அதற்கும் பொட்டு உண்டு.

இங்கே ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் பிரச்சினையில் பாதி இதுதான். மென்பொருள் போனால்கூடச் சமாளிக்கலாம். எழுத்து எப்படிச் சேமிக்கப்பட்டிருக்கிறது என்பது அதைவிடப் பெரிய விஷயம். பாமினியில் அடித்த 'தமிழ்' என்ற சொல் கோப்புக்குள் தமிழாக இல்லை. ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி என்றுதான் கிடக்கிறது. அந்த எழுத்துரு இருந்தால் தமிழ், இல்லாவிட்டால் பிதற்றல். ஸ்ரீலிபிக்கு வேறு கணக்கு, வானவில்லுக்கு வேறு கணக்கு. ஒரே அச்சகத்திலேயே மூன்று விதமாக அடித்த கோப்புகளைப் பார்த்திருக்கிறேன். இது திறமூலம், மூடியமூலம் என்ற சண்டைக்கு முந்தைய நோய். யூனிகோடு என்ற பொதுத் தரம் வந்து, 2010இல் தமிழக அரசும் அதை ஏற்ற பிறகுதான் குணமானது.

சரி, திறமூலத்தின் பக்கம் வருவோம். வாரிசுரிமை என்று சொன்னேனே, அது வெறும் காகிதத்தில் இருக்கிற உரிமையா, நிஜமாகவே யாராவது எடுத்து நடத்தியிருக்கிறார்களா?

இருக்கிறார்கள். கடிதம், கணக்குத்தாள் எல்லாம் செய்யும் திறமூல அலுவலக மென்பொருளான லிப்ரே ஆஃபீஸின் பூர்வீகம் ஜெர்மனியில் 1985இல் தொடங்கிய ஸ்டார் டிவிஷன் என்ற தனியார் நிறுவனம். 1999இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் அதை வாங்கி, 2000இல் மூலநிரலைத் திறந்துவிட்டது. ஓப்பன் ஆஃபீஸ் பிறந்தது அப்படித்தான். 2010இல் சன்னை ஆரக்கிள் வாங்கியது. ஆரக்கிளின் போக்கு பிடிக்காமல் அதே ஆண்டு செப்டம்பரில் அதன் நிரலாளர்களில் பெரும் பகுதியினர் நிரலை அப்படியே எடுத்துக்கொண்டு வெளியே வந்து, லிப்ரே ஆஃபீஸ் என்று பெயர் வைத்து, ஒரு அறக்கட்டளையையும் அமைத்தார்கள். 'ஃபோர்க்' என்று இதைத்தான் சொல்கிறோம். பாகப்பிரிவினை மாதிரிதான், ஆனால் இரண்டு பேருக்கும் முழு வீடும் கிடைக்கும். பெயர்ப்பலகை மட்டும் ஒருவருக்கே. ஆரக்கிள் 2011இல் ஓப்பன் ஆஃபீஸ் பெயரை அப்பாச்சி அறக்கட்டளைக்குக் கொடுத்துவிட்டது. அது 2014இல் 4.1க்கு வந்து, பத்து வருஷம் தாண்டியும் அந்த 4.1 வரிசையிலேயே சின்னச் சின்னத் திருத்தங்களோடு நகர்கிறது. பெயர் ஒரு பக்கம், உயிர் ஒரு பக்கம். இன்னும் பலர் பழைய பெயரைக் கேட்டு அதையே இறக்கிக்கொள்கிறார்கள் என்பது எனக்குத் தீராத எரிச்சல்.

பிளெண்டர் கதை இன்னும் சுவாரசியம். முப்பரிமாண அனிமேஷன் செய்யும் அந்த மென்பொருள் முதலில் மூடிய வணிகச் சரக்கு. 2002இல் அதை விற்ற நெதர்லாந்து நிறுவனம் நொடித்தது. பேஜ்மேக்கர் மாதிரி அங்கேயே முடிந்திருக்க வேண்டியது. அதை உருவாக்கிய டோன் ரோசன்டால் முதலீட்டாளர்களிடம் பேசி, ஒரு லட்சம் யூரோ கொடுத்தால் நிரலைத் திறந்துவிடலாம் என்று ஒப்புக்கொள்ள வைத்தார். பயன்படுத்தியவர்கள் ஏழே வாரத்தில் அந்தப் பணத்தைச் சேர்த்தார்கள். 2002 அக்டோபரில் பிளெண்டர் ஜி.பி.எல். என்ற திறமூல உரிமத்தில் வெளிவந்தது. 2025இல் ஆஸ்கர் வாங்கிய லாட்வியா நாட்டு அனிமேஷன் படம் அதில் செய்ததுதான். மூடியே இருந்திருந்தால் இன்று அதன் பெயர் பழைய சி.டி. உறைகளில் மட்டும் இருந்திருக்கும்.

இதையெல்லாம் கேட்டு உடனே மாறிவிடாதீர்கள். உங்கள் ஆர்ட்டிஸ்ட் கேட்ட கேள்வி நியாயமானது. உங்கள் தொழிலிலேயே அதற்குச் சாட்சி இருக்கிறது: ஸ்க்ரைபஸ். பக்க வடிவமைப்புக்கான திறமூல மென்பொருள் என்றால் எல்லாரும் காட்டுவது அதைத்தான். அதன் 1.4 நிலையான பதிப்பு 2012 தொடக்கத்தில் வந்தது. அடுத்த நிலையான வரிசையான 1.6 வந்தது 2024 தொடக்கத்தில். பன்னிரண்டு வருஷம்! நடுவில் 1.5 என்று சோதனைப் பதிப்புகள்தான். 1.4இல் தமிழ் யூனிகோடு உருப்படியாக வராது. 'கொ' என்று அடித்தால் கொம்பு போக வேண்டிய இடத்துக்குப் போகாது. அந்தக் குறை தீர்ந்ததே 1.5 வரிசையில்தான். ஒரு பதிப்பகம் பன்னிரண்டு வருஷம் காத்திருக்க முடியுமா? ஸ்க்ரைபஸ் சாகவில்லை, மூலநிரல் பத்திரமாக இருந்தது, ஆனால் பசியோடு இருந்தது. அதில் முழுநேரம் உட்கார யாருக்கும் யாரும் சம்பளம் கொடுக்கவில்லை என்றால் வேகம் அப்படித்தான் இருக்கும்.

ஆக, 'சும்மா எழுதுகிறார்கள்' என்பது சில இடங்களில் உண்மை, பல இடங்களில் பொய். லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலில் சேரும் நிரலின் பெரும்பகுதியை எழுதுகிறவர்கள் இன்டெல், ரெட் ஹாட், கூகுள் போன்ற இடங்களில் சம்பளம் வாங்குகிறவர்கள். போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளம் 1986இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. இன்று அது எந்த ஒரு நிறுவனத்தின் சொத்தும் இல்லை. ஆனால் அதை வைத்துப் பிழைக்கும் பல நிறுவனங்கள் ஆளுக்குச் சில பேரை அதில் வேலை செய்ய வைத்திருக்கின்றன. ஒன்று போனாலும் மற்றவை தாங்கும். என்னைக் கேட்டால் ஆலமரத்து விழுது மாதிரி இந்த அமைப்புதான் இருப்பதிலேயே உறுதியானது.

விழுது இல்லாத மரங்களும் உண்டு. இணையத்தில் பாதுகாப்பாகப் பணம் கட்ட உதவும் ஓப்பன் எஸ்.எஸ்.எல்.லில் 2014 ஏப்ரலில் 'ஹார்ட்பிளீட்' என்ற ஓட்டை வெளியே தெரிந்தது. அப்போதுதான் உலகம் எட்டிப் பார்த்தது: முழுநேரமாக ஒரே ஒருவர், வருஷத்துக்கு வரும் நன்கொடை சுமார் 2,000 டாலர். கோடிகளில் புரளும் நிறுவனங்கள் அதன் மேல் உட்கார்ந்திருந்தன. வெட்கப்பட்டோ பயந்தோ அதற்குப் பிறகு பெரிய கம்பெனிகள் பணம் போட்டன.

அதைவிட மோசமானது 2024 மார்ச்சில் நடந்தது. எக்ஸ்.இசட். என்று கோப்புகளைச் சுருக்கும் சின்னத் தொகுப்பு ஒன்று. பல வருஷமாகத் தனி ஆளாக ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார். 'ஜியா டான்' என்ற பெயரில் ஒருவர் வந்து, இரண்டு வருஷத்துக்கு மேல் ஒழுங்காக உதவி செய்து, நம்பிக்கையைச் சம்பாதித்து, பொறுப்பையும் வாங்கிக்கொண்டு, கடைசியில் உள்ளே ஒரு கள்ளக்கதவை வைத்துவிட்டார். ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற மைக்ரோசாஃப்ட் பொறியாளர், லாகின் ஆக அரை நொடி கூடுதலாகிறதே என்று குடைந்து பார்த்ததால் பிடிபட்டது. அரை நொடியை மதிக்கிற ஒருவர் இருந்தார், தப்பித்தோம். மூலநிரல் திறந்திருந்ததால் அவரால் குடைய முடிந்தது என்பதும் உண்மை. சும்மா உழைத்துக் களைத்த ஒருவரின் தோளில் இவ்வளவு பாரத்தை ஏற்றியதால்தான் அந்தக் கள்ளன் உள்ளே வர முடிந்தது என்பதும் உண்மை. மூடிய பக்கம் மட்டும் பாதுகாப்பு என்று நினைக்க வேண்டாம். 2020இல் சோலார்விண்ட்ஸ் என்ற வணிக மென்பொருளின் அப்டேட்டிலேயே கள்ளக்கதவு புகுந்து, சுமார் 18,000 வாடிக்கையாளர்களுக்குப் போய்ச் சேர்ந்தது.

இன்னொரு வேடிக்கை. நீங்கள் சந்தா கட்டும் இன்டிசைனுக்குள்ளேயே திறமூலம் உட்கார்ந்திருக்கிறது. 'கொ'வில் கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் கொண்டுபோய் வைக்கிற வேலையைச் செய்ய ஹார்ஃபபஸ் என்று ஒரு திறமூல நிரல்தொகுப்பு இருக்கிறது. ஃபயர்பாக்ஸ், குரோம், ஆண்ட்ராய்டு, லிப்ரே ஆஃபீஸ் எல்லாவற்றிலும் தமிழை ஒழுங்காக அமைத்துக் காட்டுவது அதுதான். அடோபியும் இன்று அதைத்தான் பயன்படுத்துகிறது. ஆகவே நீங்கள் எந்தப் பக்கம் நின்றாலும் ஹார்ஃபபஸ் நலமாக இருந்தாக வேண்டும்.

மூடிய மென்பொருள் நீண்ட காலம் நிற்க முடியாது என்றும் நான் சொல்லவில்லை. டேலியைப் பாருங்கள். 1986இல் தொடங்கியது, மூலநிரல் மூடியது, இன்றும் நம் ஊர்க் கடைத்தெருவில் கணக்கு என்றால் அதுதான். வருமான வரிப் படிவமும் ஜி.எஸ்.டி. விதியும் மாறிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு மாற்றத்தையும் கெடு தேதிக்குள் உள்ளே கொண்டுவர வேண்டும். இதை ஆசைக்காக ராத்திரி உட்கார்ந்து எழுதுகிறவர் உலகத்தில் யாரும் இல்லை. சலிப்பான வேலை, தவறினால் வாடிக்கையாளருக்கு அபராதம். சம்பளம் கொடுத்தால்தான் நடக்கும். உங்கள் கணக்குப்பிள்ளை டேலியில் இருந்தால் அங்கேயே இருக்கட்டும், அதைத் தொடாதீர்கள்.

திறமூலம் என்று பலகை மாட்டியிருப்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. திட்டம் ஒரே கம்பெனியின் கையில் இருந்து, பழைய உரிமமும் இடம் கொடுத்தால் நாளைக்கு உரிமத்தை மாற்றிவிடலாம். ரெடிஸ் என்ற தரவுத்தளத்தை நடத்தும் கம்பெனி 2024 மார்ச்சில் அப்படித்தான் மாற்றியது. அடுத்த சில நாளிலேயே பழைய நிரலை எடுத்து வால்கீ என்று லினக்ஸ் அறக்கட்டளையின் கீழ் கிளை தொடங்கிவிட்டார்கள். 2025 மேயில் ரெடிஸ் மறுபடியும் ஒரு திறமூல உரிமத்தைச் சேர்த்துக்கொண்டது. வாரிசுரிமை கையில் இருந்ததால் நடந்த பேரம் அது.

எதிர்மாறான உதாரணம் எஸ்.க்யூ.லைட். உங்கள் போனுக்குள் இருக்கும் குட்டித் தரவுத்தளம். மூலநிரல் யாருக்கும் சொந்தமில்லை, பொதுச்சொத்து. ஆனால் வெளியார் எழுதிய நிரலைப் பொதுவாக உள்ளே சேர்ப்பதில்லை. ஒரு சின்னக் குழு, பெரிய நிறுவனங்கள் கட்டும் சந்தாவில், 2050 வரை பராமரிப்பதாகச் சொல்லி நடத்துகிறது. நிரலைத் திறந்து, சமையல்கட்டை மூடிவைத்த ஏற்பாடு.

இனி உங்கள் காரியம். எந்த மென்பொருள் என்பதை அப்புறம் பார்க்கலாம், முதலில் புத்தகங்களைக் காப்பாற்றுங்கள். பேஜ்மேக்கர் கோப்புகளிலிருந்து எழுத்தை வெளியே எடுத்து யூனிகோடுக்கு மாற்றுங்கள். பாமினி, டாப், டாம், டிஸ்கி போன்ற பழைய முறைகளிலிருந்து மாற்ற ஓப்பன்-தமிழ் என்ற பைத்தான் தொகுப்பில் வசதி இருக்கிறது. கல்லூரிப் பையன் ஒருவனை உட்கார வைத்தால் போதும். மாற்றியதை ஒருவர் மெய்ப்புப் பார்த்தே ஆக வேண்டும். ஒவ்வொரு புத்தகத்துக்கும் எழுத்துரு உட்பொதிந்த ஒரு பி.டி.எஃப். தனியாக வையுங்கள். பி.டி.எஃப். அடோபியின் பிள்ளைதான், ஆனால் 2008இல் ஐ.எஸ்.ஓ. என்ற உலகத் தர அமைப்பின் தரமாகிவிட்டது. யார் வேண்டுமானாலும் அதைப் படிக்கும் நிரல் எழுதலாம், எழுதியும் இருக்கிறார்கள். இன்டிசைன் கோப்புகளை ஐ.டி.எம்.எல். வடிவிலும் ஒரு படி சேமித்து வையுங்கள். அது உள்ளே எக்ஸ்.எம்.எல். என்ற வெறும் எழுத்து வடிவம், நாளைக்கு வேறு ஒன்று படிக்க வாய்ப்புண்டு. புதுப் புத்தகங்களுக்கு நோட்டோ, முக்த மலர், மீரா இனிமை போன்ற திறந்த உரிம எழுத்துருக்களைப் பழகுங்கள். டாங்கிள் தொல்லை வராது.

படங்களும் பெட்டிகளும் நிறைந்த வேலைக்கு ஒரே ஒரு இன்டிசைன் சந்தாவை வைத்துக்கொள்ளுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நாவல், கட்டுரை மாதிரி ஓடும் எழுத்தை லிப்ரே ஆஃபீஸில் செய்யலாம். ஸ்க்ரைபஸ் 1.6ஐ ஒரு சின்னக் கவிதைத் தொகுப்பில் சோதித்துப் பாருங்கள், முந்நூறு பக்கத்தைத் தூக்கி அதன் தலையில் வைக்காதீர்கள். நிலைப்புத்தன்மை ஒன்றே அளவுகோல் என்றால் பதில் டெக்ஸ் என்ற அச்சுக்கோப்பு மென்பொருள்தான். டொனால்ட் க்னூத் 1978இல் வெளியிட்டது, ஒவ்வொரு திருத்தத்துக்கும் பதிப்பு எண்ணில் பை மதிப்பின் அடுத்த இலக்கம் சேரும். அதன் வழிவந்த ஸீடெக்ஸில் தமிழ் யூனிகோடு நன்றாகவே வருகிறது. ஆனால் அதைச் சொன்னால் உங்கள் ஆர்ட்டிஸ்ட் வேலையை விட்டுப் போய்விடுவார், எனக்கும் சாபம் விழும்.

குறைத்த சந்தாவில் கொஞ்சத்தை லிப்ரே ஆஃபீஸ் அறக்கட்டளைக்கோ ஸ்க்ரைபஸுக்கோ அனுப்புங்கள். பெங்களூரின் பங்குத் தரகு நிறுவனமான ஸெரோதா 2024இல் வருஷத்துக்குப் பத்து லட்சம் டாலர் என்று திறமூலத்துக்காகவே ஒரு நிதி தொடங்கியிருக்கிறது. நீங்கள் வருஷத்துக்கு ஒரு புத்தக விற்பனையின் லாபத்தைக் கொடுத்தாலே பெரிது.

அப்புறம், பேஜ்மேக்கர் ஓடும் அந்தப் பழைய விண்டோஸ் எக்ஸ்.பி. கணினியைக் காயலான் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். கடைசிக் கோப்பை மாற்றி, மெய்ப்பும் முடிந்த பிறகு போடலாம். இப்போதைக்கு அதன் ஹார்ட் டிஸ்க்கை மட்டும் இந்த வாரமே ஒரு படி எடுத்து வையுங்கள்.